சுசுருதர்

சுசுருதர் என்பவர் பண்டைய இந்தியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஆவார். சுசுருத சம்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் இவர் பெயரால் வழங்குகின்றது. மூக்குச் சீரமைப்பு அறுவைக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் கல்லடைப்பு நோய்க்கு மூலிகை மருந்தையும் அறுவையையும் ஒருங்கே வகுத்துரைத்தது இவருடைய பணியில் முதன்மையான ஒன்றாகும்.

வாழ்க்கை

இவர் விசுவாமித்திரரின் மகன் என்றும், காசி மன்னர் திவோதாச தன்வந்திரியிடம் மருத்துவம் பயின்றவர் என்றும் நூல் கூறுகின்றது. இவர் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு எனப் பரவலாகச் சொல்லப்பட்டாலும், அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. இன்று கிடைக்கும் நூல் பல நூற்றாண்டுகளில் பலர் கைபட்டு வளர்ந்ததாகும். ஆகவே அதில் உள்ளவை அனைத்தையும் ஒருவரின் செயலாகக் கொள்வது பொருந்தாது.

கல்வி முறை

மாணவர்கள் நேரடியாக நோயாளியின் மீது கத்தி வைக்க அனுமதிக்கப்படவில்லை. பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டவும், துணியிலும் தோலிலும் தைக்கவும் பழகிய பின்னரே அவர்களுக்கு அத்தகுதி கிடைத்தது. உடலின் உள்ளமைப்பை அறிய, இறந்தவர் உடலை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்துப் படலம் படலமாக நீக்கிப் பார்த்தனர்.

கல்லடைப்பு

புதிதாகத் தோன்றிய கல்லுக்கு மருந்து, முதிர்ந்த கல்லுக்கு அறுவை என்பது சுசுருதரின் நெறி. மாவிலங்கு, நெருஞ்சில் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய நெய்யும் கசாயமும் மருந்துகளில் அடங்கும். கொங்கு நாட்டுச் சமையலில் நீங்கா இடம்பெற்ற கொள்ளும் கல்லைக் கரைக்கும் என நூல் குறிப்பிடுகின்றது.

மருந்து பயன்படாதபோது, அறுவைக்கு முன் அரசனிடம் இசைவு பெறவேண்டும் என அவர் விதித்தார். செய்யாவிடில் இறப்பு உறுதி, செய்தாலோ பிழைப்பது ஐயம் என்பதே அதற்குக் காரணம். வலியடக்கும் மயக்க மருந்தோ, கிருமி பற்றிய அறிவோ இல்லாத காலத்தில் இது மருத்துவரைக் காத்த ஏற்பாடு எனலாம்.

நோயாளி வெறும் வயிற்றில் இருக்கவேண்டும். மருத்துவர் எண்ணெய் தடவிய இரு விரல்களைக் குதவழியே செலுத்திக் கல்லை முன்னோக்கித் தள்ளுவார். குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே, நடுக்கோட்டின் இடப்புறம் ஒரு வாற்கோதுமை அளவு தள்ளிக் கல்லின் அளவுக்கே கீறி, வளைந்த முனையுடைய கருவியால் கல்லை எடுப்பார். கல் உடையக்கூடாது, எஞ்சும் சிறு துணுக்கும் மீண்டும் வளரும் என நூல் எச்சரிக்கின்றது. பின்னர் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்துவர். ஓராண்டுக்கு அவர் குதிரை, யானை, மலை, மரம் ஏறுவதும் நீந்துவதும் கூடாது.

இங்குக் கூறப்படுவது சிறுநீர்ப்பைக் கல்லே. சிறுநீரகத்தைத் திறந்து கல்லெடுக்கும் முறை இந்நூலில் இல்லை. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் எழுதப்படும் புகழுரைகள் பல உள்ளன. உரோமில் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் செல்சசு என்பவர் விவரித்த முறையும் இதனை ஒத்ததே.

இக்கால மருத்துவம்

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளால் உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களுள் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுவதால், மூலிகை உண்டபின் கல் விழுந்தது என்பது மட்டும் அம்மூலிகையின் ஆற்றலுக்குச் சான்றாகாது. கல்வலியுடன் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ கசாயத்தை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே இடராகலாம். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நூலின் பரவல்

சுசுருத சம்கிதை அப்பாசியக் கலீபாக்கள் காலத்தில் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. கி.பி. 878இல் எழுதப்பட்ட இதன் பனையோலைச் சுவடி ஒன்று காட்மாண்டுவில் உள்ள கைசர் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.