கெட்ட ரத்தம் யாருக்கு இல்லை? விஞ்ஞானி ஹால்டேன் வாழ்க்கை

இருட்டான நிலக்கரிச் சுரங்கம். அதன் நடுவே ஒரு சிறுவனை நிறுத்தி வைத்தார், அவனுடைய தகப்பனார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு நீண்ட வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார்.

சிறுவன் ஒப்பிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. கால் தள்ளாடியது. பொத்தென்று கீழே விழுந்தான். விழுந்ததும் மூச்சு சீராகிவிட்டது!

சுரங்கத்தில் மீத்தேன் வாயு சேர்ந்திருந்தது. அது காற்றைவிட லேசானது. அதனால் மேலே தங்கிவிடும். தரையை ஒட்டி நல்ல காற்று இருக்கும். இதை மகனுக்குப் புரிய வைக்கத்தான் தகப்பனார் அப்படிச் செய்தார். இந்தக் காலத்துத் தாய்மார்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்!

அந்தச் சிறுவன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கத்து விஷ வாயுக்களை ஆராய்ந்தவர். தம் உடம்பிலேயே சோதனை செய்து பார்ப்பவர். மகனும் பிற்காலத்தில் அப்படியே செய்தார்.

இந்தத் துணிச்சல் ரத்தத்தில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா? பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எது வருகிறது, எப்படி வருகிறது என்று ஆராய்வதே ஹால்டேனின் வாழ்நாள் வேலை ஆயிற்று.

உறையாத ரத்தம்

சிலருக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் எளிதில் நிற்காது. இந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர். பெரும்பாலும் ஆண்களுக்கே வரும். ஆனால் தாய் வழியாக வரும். தாய்க்கு ஒரு குறையும் தெரியாது. அவள் பெறும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர், தாயைப் போலவே குறையை உள்ளே சுமக்கலாம்.

இங்கிலாந்து ராணி விக்டோரியாவும் அப்படிச் சுமந்தவர்தான். அவருடைய மகன் லியோபோல்டுக்கு இந்த நோய் இருந்தது. ரஷ்ய இளவரசன் அலெக்சி வரை அது பரவியது. அரண்மனையானாலும் குடிசையானாலும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நோயுள்ள பையன்களில் பலர், பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே இறந்தார்கள். அப்படியானால் நோயும் சில தலைமுறைகளில் அழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஏன் அழியவில்லை?

1935-ம் ஆண்டில் ஹால்டேன் இதற்குக் கணக்குப் போட்டார். பழைய குறை அழிய அழிய, புதிய குறை எங்கோ ஒரு குடும்பத்தில் தானாக முளைக்கிறது. சுமார் 50 ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இது நடக்கிறது. முன்னோர் யாருக்கும் நோய் இல்லாத வீட்டிலும் அது பிறக்கும். யார் மேலும் பழி சொல்ல இடம் இல்லை. மனிதனின் பரம்பரையில் மாற்றம் எத்தனை வேகத்தில் நிகழ்கிறது என்பதற்கு இது முதல் கணக்குகளில் ஒன்று.

1937-ம் ஆண்டில் ஜூலியா பெல் என்ற அம்மையாருடன் சேர்ந்து இன்னொன்றும் காட்டினார். ஹீமோபிலியாவும், சில நிறங்கள் தெரியாத கண் குறையும் பரம்பரையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இருக்கின்றன என்றார். மனிதனின் மரபணுக்களுக்குப் படம் போடும் வேலை இப்படித் தொடங்கியது.

அந்த வேலை எங்கே வந்து நின்றது தெரியுமா? 2024-ம் ஆண்டு டிசம்பரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு, குறையில்லாத மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை செய்ததைச் சொன்னார்கள். அடிக்கடி ரத்தம் கசிந்தவர்களுக்குக் கசிவு நின்றிருந்தது.

ஹிட்லரின் கத்தி

அதே பரம்பரை சாஸ்திரத்தை வேறு சிலர் கத்தியாகப் பிடித்தார்கள். 1907-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. மந்த புத்தி என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாய ஆபரேஷன். பிறகு அவர்களுக்குப் பிள்ளையே பிறக்காது.

1933-ல் ஹிட்லர் ஆட்சியும் அப்படிச் சட்டம் போட்டது. பிறவிக் குருடர், செவிடர், காக்கை வலிப்புக்காரர், மனநோயாளி என்று பட்டியல் நீண்டது. சுமார் 4 லட்சம் பேர் கத்திக்கு இரையானார்கள். இங்கிலாந்திலும் இப்படிச் சட்டம் வேண்டும் என்று படித்தவர்களே குரல் கொடுத்தார்கள்.

ஹால்டேனும் இளமையில் இந்த மயக்கத்திலிருந்து முழுதும் தப்பியவர் அல்ல. நல்ல பெற்றோரைப் பொறுக்கி எடுத்து, குழந்தையைத் தாய் வயிற்றுக்கு வெளியே வளர்க்கும் காலம் வரும் என்று 1923-ல் கற்பனை செய்தவர்தான்! ஆனால் கணக்கு அவர் கண்ணைத் திறந்தது. கட்டாய ஆபரேஷனை எதிர்த்து 1938-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

கணக்கு இதுதான். ஒரு நோய் 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை சேர்ந்தால்தான் அது வரும். அப்படியானால் அந்தக் குறையை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் எத்தனை பேர்? சுமார் 200 பேர்! அந்த ஒருவரை அறுத்துப் போட்டால் 200 பேரிடம் இருப்பது எங்கே போகும்? சுமப்பவர்களில் சட்டம் எழுதிய மந்திரியும் இருக்கலாம். கத்தி பிடித்த டாக்டரும் இருக்கலாம்.

குறை என்பதும் எல்லா ஊரிலும் குறை அல்ல. மலேரியா உள்ள நாடுகளில் ஒரு வகை ரத்தக் கோளாறு அதிகம். அதைப் பாதி அளவு சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லையோ என்று 1949-ல் ஹால்டேன் சந்தேகித்தார். அதே போன்ற வேறொரு கோளாறில் இது உண்மை என்று ஆப்பிரிக்காவில் 1954-ல் தெரிந்தது. அந்தக் கோளாறு நம் நீலகிரி மலைவாழ் மக்களிடமும் உண்டு.

ஒரு கறை

ஹால்டேன் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர். ரஷ்யாவில் பரம்பரை சாஸ்திரமே பொய் என்று லைசென்கோ என்பவர் ஆட்டம் போட்டார். பெரிய விஞ்ஞானி வாவிலோவ் 1943-ல் சிறையிலேயே மாண்டார். ஹால்டேனை 1928-ல் ரஷ்யாவுக்கு அழைத்து உபசரித்தவர் அவர். ஆனாலும் ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. கட்சியை விட்டு விலகியபோது காலம் கடந்திருந்தது. ஹிட்லரை எதிர்த்தவர் இங்கே வாய் மூடியது பெரிய தவறுதான்.

வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்

1957-ம் ஆண்டு மனைவி ஹெலனுடன் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். கதர் ஜிப்பாவும் வேட்டியும் அணிந்தார். மாமிசம் விட்டார். இந்தியப் பிரஜையானார்.

இங்கே அவரை ஈர்த்த விஷயங்களில் ஒன்று, நம் வீட்டு விஷயம். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் கல்யாணம்! அவருடைய மாணவர் ஆந்திரத்தில் இந்தக் கல்யாணங்களைக் கணக்கெடுத்தார். பாட்டன் ஒருவரிடம் ஒளிந்திருந்த குறை, சொந்தத்தில் கட்டிய இருவர் வழியாகவும் வந்து, ஒரே குழந்தையிடம் கூடிவிடலாம். அன்னியத்தில் கட்டுவதைவிட இதற்கு வாய்ப்பு அதிகம். மாமன் மகளைவிட அக்காள் மகளைக் கட்டினால் இரண்டு மடங்கு.

கடைசி இரண்டு ஆண்டு புவனேஸ்வரத்தில் இருந்தார். அப்போது புற்றுநோய் வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அந்த நோயைக் கேலி செய்து பாட்டு எழுதினார். உடம்பில் சந்தேகம் தோன்றினால் சீக்கிரம் டாக்டரிடம் போக வேண்டும் என்று மற்றவர்களைத் தூண்டுவதற்காக!

1964 டிசம்பர் 1-ந்தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். வயது 72. சடலத்தை எரிக்கவில்லை, புதைக்கவில்லை. அவர் விரும்பியபடியே காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், மாணவர்கள் படிப்பதற்காக.