தஞ்சைச் சரபோஜி மன்னர்

என் ஊராகிய நெரவியும் ஒரு காலத்தில் தஞ்சை மராட்டியரின் நாட்டிலே அடங்கியிருந்தது. அம்மரபில், நாடிழந்தும் பெயரிழவாதவர் சரபோஜி மன்னர்.

1777ஆம் ஆண்டிற் பிறந்த இவரைத் துளஜாஜி மன்னர் 1787இல் சுவீகாரங்கொண்டு, சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்து உயிர்நீத்தார். அரியணை ஏறியவரோ துளஜாஜியின் தம்பி முறையினரான அமர்சிங்கர். அவர் சிறுவனை இருளறையில் அடைத்துக் கல்வியையும் தடுத்தார். ஐயர் கும்பினியாரிடம் முறையிட்டதன் பயனாக, 1793இல் சரபோஜி சென்னை சென்று கற்கலாயினார். 1798இல் முடிசூடினார். அதனைக் காண ஐயர் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலஞ்சென்றார்.

மறு ஆண்டே அம்முடிக்கு விலை கேட்கப்பட்டது. உடன்படிக்கையால் நாடு கும்பினியார் வசமாயிற்று. மன்னர்க்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்திலொரு பங்குமே. நாட்டைக் கொடுத்தாரென்று இவரைப் பழிப்பாருமுளர். படைவலியற்ற இருபத்திரண்டு வயதினர் வேறென் செய்திருத்தல் கூடும்?

ஆள நாடின்மையால் அவர் வாளா இருந்தாரல்லர். நாயக்கர் காலத்துப் புத்தகசாலையைச் சரசுவதி மகாலாக வளர்த்தார். காசி யாத்திரையிலும் சுவடிகளை நாடித் தொகுத்தார். நோயாளரின் கண்களை ஓவியமாக எழுதுவித்துச் சிகிச்சைக் குறிப்புகளும் வைத்தார்.

1832இல் இறந்தார். தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில், மரணப்படுக்கையிலுள்ள ஐயரின் கையைப் பற்றி நிற்கும் மன்னரை இன்றும் பளிங்கிற் காணலாம். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்த அவர், தம் பொருள் கொடுத்து இலண்டனிற் செய்வித்த சிற்பம் அது.