ஃபான்ட் சைஸ் 12: அந்த ‘பாயின்ட்’டைக் கொடுத்தவர் யார் தெரியுமா?

வேர்டு திறக்கிறீங்க. ஃபான்ட் சைஸ் பெட்டியில் 12 என்று தட்டுறீங்க. 12 என்றால் என்ன? செ.மீட்டரா, மில்லிமீட்டரா? இரண்டும் இல்லை. அது 12 ‘பாயின்ட்’. இந்த அளவு முறைக்கு அடித்தளம் போட்டவர், கம்ப்யூட்டர் வருவதற்கு 200 வருஷத்துக்கும் முன்பு பாரிஸில் வாழ்ந்த ஓர் எழுத்து வார்ப்பாளர். பெயர் பியர் சிமோன் ஃபூர்னியே.

அச்சுக் குடும்பத்துப் பையன்

ஃபூர்னியே பிறந்தது 1712-ல். அப்பா, பாரிஸின் பழைய எழுத்து வார்ப்புக் கூடம் ஒன்றை நிர்வகித்தவர். அண்ணன் பின்னர் அந்தக் கூடத்தையே விலைக்கு வாங்கினார். அண்ணனோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தம்பியை ‘இளைய ஃபூர்னியே’ என்றே அழைத்தார்கள். அவர் முதலில் கற்றது ஓவியமும் மரச் செதுக்கு வேலையும். பிறகு எஃகுத் துண்டில் எழுத்துகளைச் செதுக்கப் பழகி, சொந்தமாக வார்ப்புக் கூடம் தொடங்கினார்.

பெயர் இருக்கு, அளவு இல்லை

அன்று எழுத்து அளவுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். சிசெரோ, பெத்தி ரொமேன், நோம்பரேய் என்று பல. சிக்கல் என்னவென்றால், ஒரு கூடத்தின் சிசெரோவும் இன்னொரு கூடத்தின் சிசெரோவும் ஒரே அளவில் இருக்காது. இரண்டு இடங்களில் வாங்கிய ஈய எழுத்துகளை ஒரே வரியில் கோத்தால் வரி ஆடும். அச்சுக்கோப்பவர் காகிதத் துண்டு செருகித்தான் சமாளிக்க வேண்டும். 1723-லேயே பிரெஞ்சு அரசு எழுத்துகளின் உயரத்துக்கும் அளவுக்கும் விதி போட்டது. ஆனால் விதி தாளில் இருந்தது, பட்டறைக்கு வரவில்லை.

1737-ல், சுமார் 25 வயதில், ஃபூர்னியே ஒரு அட்டவணை வெளியிட்டார். ஓர் அங்குலத்தை 12 ‘கோடு’களாகவும், ஒவ்வொரு கோட்டையும் 6 ‘பாயின்ட்’டாகவும் பிரித்தார். ஆக, அங்குலத்துக்கு 72 பாயின்ட். நோம்பரேய்க்கு 6, பெத்தி ரொமேனுக்கு 10, சிசெரோவுக்கு 12. இரண்டு நோம்பரேய் சேர்ந்தால் சரியாக ஒரு சிசெரோ. பெயர்கள் அப்படியே இருந்தன; உள்ளே கணக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். 12 பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் இல்லை. எழுத்து உட்கார்ந்திருக்கும் ஈயக் கட்டையின் அளவு. இன்றும் ஒரே 12-ல் ஒரு ஃபான்ட் பெரிசாகவும் இன்னொன்று சிறிசாகவும் தெரிவது இதனால்தான்.

காகிதம் கொடுத்த அதிர்ச்சி

எல்லோரும் ஒரே பாயின்ட்டைப் பயன்படுத்த ஓர் அளவுகோல் வேண்டுமே! ஃபூர்னியே அதைக் காகிதத்தில் அச்சிட்டே கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்தில் காகிதத்தை ஈரப்படுத்தித்தான் அச்சிடுவார்கள். காய்ந்ததும் காகிதம் சுருங்கும், கூடவே அளவுகோலும் சுருங்கும். இதை உணர்ந்த அவர், 1764-ல் வெளிவந்த தன் அச்சுக்கலைக் கையேட்டில் திருத்திய அளவுகோலை, 144 பாயின்ட் நீளத்துக்குக் கொடுத்தார். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவர் என்பது அவர் மீதான மதிப்பைக் கூட்டுகிறது.

இசைக் குறிகளை அச்சிடவும் புதிய எழுத்துகளை உருவாக்கினார். இசை அச்சில் பரம்பரை உரிமை வைத்திருந்த பலார் குடும்பம் அதை எதிர்த்தது. கையேட்டை நான்கு தொகுதிகளாகத் திட்டமிட்டவர், இரண்டைத்தான் முடித்தார். 1768-ல், 56 வயதில் இறந்தார்.

தோற்ற அளவு, வென்ற யோசனை

ஃபூர்னியேவின் அங்குலம் அவரே வைத்துக்கொண்டது. அரசின் அங்குலத்தைவிடச் சிறியது. 1780-களில் பிரான்சுவா அம்ப்ருவாஸ் திதோ, பாயின்ட்டை மன்னரின் அதிகாரபூர்வ அங்குலத்தோடு கட்டினார். ஒரு பாயின்ட் சுமார் 0.35 மி.மீட்டரிலிருந்து 0.376 ஆனது. திதோவின் அளவே ஐரோப்பாவின் பல நாடுகளில் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வந்து, மன்னரும் போனார், மன்னரின் அங்குலமும் போனது. அச்சகங்களில் மட்டும் அது உயிரோடு இருந்தது.

இன்று நம்ம கம்ப்யூட்டரில் இருப்பது 1980-களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் பரவிய பாயின்ட். சாதாரண அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.353 மி.மீ. திதோவைவிட ஃபூர்னியேவின் அளவுக்கே இது நெருக்கம்!

நமக்கு இதில் என்ன?

வேர்டு ஒரு பாயின்ட்டையும் 20 துண்டாக்குகிறது. அந்தத் துண்டுக்கு ‘ட்விப்’ என்று பெயர். ஓர் அங்குலத்தில் 1,440. நீங்கள் 1 மி.மீ கொடுத்தால் அது 56.69 ட்விப். அரைகுறை ட்விப்பை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் 57 ஆகும்.

இடைவெளியை 0.2 அங்குலம் என்று வைத்துவிட்டு, அளவு அலகை செ.மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். 0.51 என்று காட்டும். உண்மையில் அது 0.508. திரையில் தெரிவது ரவுண்டு செய்த எண்தான். அதை நம்பி 0.51 என்று மறுபடி தட்டினால், அளவு நிஜமாகவே கொஞ்சம் நகர்ந்துவிடும். ஒரு வரியில் தெரியாது; லேபிள் ஷீட்டில் வரிசை வரிசையாகச் சேர்ந்தால் கடைசி லேபிள் கட்டத்தைத் தாண்டலாம்.

அதனால், ஒரு ஃபைலுக்கு ஓர் அலகை முடிவு செய்து, கடைசி வரை அதிலேயே இருங்கள். அளவு பெட்டியில் எண்ணோடு அலகையும் சேர்த்துத் தட்டலாம். அப்புறம் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். காகிதத்தில் அளந்து பார்க்காமல் அளவை நம்பக் கூடாது என்பதை ஃபூர்னியே பட்டுத்தான் கற்றுக்கொண்டார்.