லும்பினி பார்க் கண்ட கிரீந்திரசேகர போஸ்

லும்பினி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் உள்ளம் சாக்கிய முனிவர் பிறந்த சோலையை நாடும். அப்பெயரையே தாங்கி, 1940ஆம் ஆண்டு கல்கத்தாவில் மூன்று கட்டில்களோடு ஒரு மனநோய் மருத்துவமனை தோன்றிற்று என்பதை அறிந்தார் நம்மில் சிலரே. அதனை நிறுவிய டாக்டர் கிரீந்திரசேகர போஸ் அவர்களின் வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

1887ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவர் இவர். தந்தையார் சந்திரசேகர போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். வங்க இலக்கியத்தில் நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற இராஜசேகர போஸ் இவருடைய தமையனார். கிரீந்திரர் 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஜால வித்தையிலும், பிறரை அறிதுயிலில் ஆழ்த்தும் ஹிப்னாடிஸத்திலும் இவருக்கு இளமை முதலே பெருவிருப்பம். உடலில் கோளாறு ஒன்றுமின்றியே நோயால் வருந்துவோர் சிலர் தம்மிடம் வருவதைக் கண்டார். மருந்தால் தீராத அந்நோய்களின் வேர் உள்ளத்தில் இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளநூல் துறை தொடங்கியபோது, மருத்துவராயிருந்தும் மாணவராகச் சேர்ந்து பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியருமானார்.

வியன்னா நகரத்து சிக்மண்ட் பிராய்டு இக்காலத்தில் உலகறிந்த பெயராகிக்கொண்டிருந்தார். நாம் அறிந்து நினைப்பனவும் விரும்புவனவும் உள்ளத்தின் மேற்பரப்பே; ஏற்கத்தகாதன என்று நாம் ஒடுக்கிய விருப்பங்கள் அடியாழத்தில் அழியாது கிடந்து, கனவாகவும் நாத்தவறாகவும் நோயாகவும் வெளிப்படுகின்றன என்பது அவர் கொள்கை. அவ்வடியாழத்தையே நனவிலி மனம் என்கிறோம். (நம் யோகாசாரப் பேராசிரியர்களாகிய அசங்கரும் வசுபந்துவும் ஆலய விஞ்ஞானம் என்று உரைத்ததை அன்பர்கள் நினைவுகூரலாம். ஆயினும் இரண்டும் ஒன்றே என்று விரைந்து கூறுவது இரண்டிற்கும் இழுக்கு.) விருப்பங்கள் ஒடுக்கப்படுவதைப் பற்றியே போஸ் ஆராய்ந்து, 1921இல் டாக்டர் பட்டம் பெற்று, அந்நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைதேசத்திலிருந்து இத்தகைய ஆய்வு வந்ததை வியந்து பிராய்டு மறுமொழி விடுத்தார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரவு 1937 வரை நிகழ்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதேயில்லை.

பிராய்டின் நிழற்படத்தையும் காணாத ஓவியர் ஒருவர் கற்பனையால் அவர் உருவை எழுத, போஸ் அதனையும் அனுப்பிவைத்தார். தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டார் என்று பிராய்டு ஒரு தோழியாருக்கு எழுதி நகைத்தார். 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குக் கல்கத்தாவினின்றும் தந்தத்தாலான திருமால் சிலை சென்றது. அதனை அவர் தம் எழுதுமேசையில் வைத்துக்கொண்டார்.

சிலை அனுப்பியவர் சீடராக அனுப்பவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு மாறான விருப்பமும் உடன் பிறக்கிறது என்பது போஸ் கண்ட கொள்கை. அடிக்க விழைவோன் உள்ளத்தின் அடியில் அடிபடும் விழைவும் உறங்குகிறது. ஒன்று நிறைவேற, மற்றொன்று ஒடுங்கிக் கிடந்து நோய்க்கு வித்தாகிறது. ஆகையால் நோயாளியைச் சாய்வு நாற்காலியில் கிடத்தி, ஒருமுறை தன் நிலையிலும் மறுமுறை எதிரியின் நிலையிலும் தன்னை வைத்துப் பார்க்கச் செய்வார். ஐரோப்பிய நோயாளரிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் வங்க நோயாளரிடம் அதே வடிவில் இல்லை என்றும், வளர்ப்பும் சமூகமும் வேறாகையால் உள்ளமும் வேறு வழியில் உருவாகிறது என்றும் 1929இல் எழுதினார். பிராய்டு முழுதும் இசையவில்லை. போஸும் தம் கருத்தை விடவில்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், ஓர் இந்தியர் ஐரோப்பியப் பேரறிஞரிடம் சமநிலையில் நின்று வாதிட்டது சிறிய செய்தியன்று.

இங்கே நாம் ஒன்று சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்டோர் ஒடுக்கப்படுவதையே உள்ளூர விரும்புகின்றனர் என்று இக்கொள்கையை எவரேனும் நம்மீது திருப்புவாராயின், அதனை நாம் ஏற்கோம். சாதியால் தாழ்த்தப்பட்டவன் தாழ்வைத் தேர்ந்தெடுத்தவன் அல்லன். பிறனைத் தீண்டமாட்டேன் என்போன் அப்பிறன் நிலையில் ஒருநாழிகை தன்னை வைத்துப் பார்க்க அஞ்சுகிறானே, அவ்வச்சத்தை ஆராயவே இம்முறை பெரிதும் தகும். இந்நூல் இழிவு செய்யவும் பயன்பட்டதுண்டு. 1922 ஜனவரியில் பார்சிபகான் சந்திலிருந்த போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தோன்றியபோது, உறுப்பினருள் ஒருவர் ராஞ்சி மனநோய் மருத்துவமனையின் ஓவன் பெர்க்லி-ஹில் என்னும் ஆங்கிலேயர். அவர் இந்துக்களின் குணத்தையும் சமயத்தையும் குழந்தைப்பருவக் கோளாறாக விளக்கி, முந்திய ஆண்டே கட்டுரை வரைந்தவர்! அத்தகையாரையும் சங்கத்தில் உடன்வைத்துக்கொண்ட போஸின் பொறுமை நமக்கு வியப்பையே தருகிறது.

லும்பினி பார்க்குக்கு வருவோம். கல்கத்தாவின் புறத்தே தில்ஜலாவில் தமையனார் இராஜசேகரர் அளித்த இடத்தில் அது எழுந்தது. நோயாளியோடு உட்கார்ந்து அவன் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதே அங்கே மருத்துவத்தின் தொடக்கம். வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942இல் பேச்சும் நினைவும் குன்றியபோது அங்கேயே கொண்டுசேர்க்கப்பட்டார், அவர் குணமடையவில்லை. எல்லா நோயும் இம்முறைக்கு அடங்குமென்று கருதுதல் பிழை. ஆயினும் நோயாளியை மனிதனாக மதிக்கும் நெறி எத்துணை அரியது என்பதை நம் தென்பாண்டிச் சீமையே காட்டிற்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர், தீப்பற்றியபோது ஓட வழியின்றி மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. பேய் பிடித்ததென்று ஊருக்குக் கொண்டுசென்று கட்டிவைக்கும் வழக்கம் தாராவிச் சந்துகளிலிருந்து முற்றும் நீங்கிற்றென்று நம்மால் சொல்ல இயலவில்லை.

பம்பாய்க்கும் இந்நூல் வந்தது. முசோலினியின் இனச்சட்டங்களுக்குத் தப்பி 1938இல் இங்கு வந்த இத்தாலிய உளப்பகுப்பாய்வாளர் எமீலியோ சர்வாடியோ சில ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்தார். 1940களில் போஸின் சங்கத்துக்கு இந்நகரில் ஒரு கிளையும் ஏற்பட்டது. ஆனால் திங்கட்கணக்கில் நாள்தோறும் ஒரு மணி நேரம் மருத்துவரிடம் பேசுவதற்குக் காலமும் பொருளும் வேண்டும். தோல் பதனிடும் தொட்டியிலும் ஆலையிலும் உழைத்த நம் முன்னோர்க்கு அவை ஏது?

போஸ் தம் இறுதிக் காலத்தில் கீதைக்கும் யோக சூத்திரத்துக்கும் உளநூல் வழியே பொருள் கண்டார். மருத்துவமனைக்கு லும்பினி என்று பெயரிட்டவர் பௌத்த நூல்களை அவ்வாறு ஆராயப் புகாதது நமக்கு ஒரு குறையே. 1947இல் சமீக்ஷா என்னும் ஆராய்ச்சி இதழும், 1949இல் சிறுவர்க்கான போதாயனப் பள்ளியும் அவர் முயற்சியால் தோன்றின. 1953ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் காலமானார். மூன்று கட்டில்களோடு தொடங்கிய லும்பினி பார்க் பின்னர் மேற்கு வங்க அரசின் பொறுப்பில் வந்து, அப்பெயராலேயே வழங்கிவருகிறது.