பல்லியம் ஆண்ட எலிங்டன்

விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலிலும், ஆனைக்குட்டம் முதலிய சுற்றூர்த் திருவிழாக்களிலும் நையாண்டி மேளம் கேட்டோர் ஒன்றை உணர்ந்திருப்பர். நாதசுரமும் தவிலும் பம்பையும் உறுமியும் ஒன்றையொன்று அமுக்கிவிடாமல் இயைந்து ஒலிப்பது எளிய செயலன்று. அங்கே எழுதிய ஏடு இல்லை, பழக்கமே வழிகாட்டி. அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையோ பதினைந்து கருவிகள் கூடிய பெரும் பல்லியமாக வளர்ந்தபோது, எக்கருவி எப்பொழுது எச்சுரத்தை ஒலிக்கவேண்டும் என்று எழுதித் தருவோரை வேண்டி நின்றது. அப்பணியில் தலைசிறந்து விளங்கியவர் டியூக் எலிங்டன் ஆவார்.

எட்வர்டு கென்னடி எலிங்டன் 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் வாசிங்டன் நகரில் பிறந்தார். கறுப்பின மக்களை வெள்ளையர் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. தந்தையார் செல்வர் இல்லத்தில் பணிபுரிந்தவர். பெற்றோர் இருவரும் பியானோ வாசிப்பர். ஏழு வயதளவில் மகனுக்கும் பியானோ கற்பிக்க ஏற்பாடு செய்தனர். சிறுவனின் உள்ளமோ பந்தாட்டத்திலேயே இருந்தது. அவருடைய உடையழகையும் நடையழகையும் கண்ட தோழர்கள் கோமகன் என்னும் பொருள்பட டியூக் என அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது. ஓவியக் கல்வி பெற உதவித்தொகை கிடைத்தும் அதனை ஏற்காது, விளம்பரப் பலகை எழுதிப் பொருளீட்டியவாறே இசைக்குழு ஒன்றை நடத்தலானார்.

1923-இல் நியூயார்க்கு சென்றார். 1927 டிசம்பரில் ஆர்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்னும் கேளிக்கை மன்றம் அவர் குழுவை அமர்த்திக்கொண்டது. ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தவர். அமர்ந்து காண்போர் வெள்ளையர் மட்டுமே! இவ்விழிவினூடே அவர் பணிபுரிய நேர்ந்தது. ஆயினும், புதுப்புது ஆட்டங்களுக்குப் புதுப்புது இசை அமைக்கும் வாய்ப்பும் அங்கேயே வாய்த்தது. வானொலி அவர் இசையை நாடெங்கும் கொண்டு சென்றது.

எலிங்டனின் இசையமைப்பு முறை தனித்தன்மை வாய்ந்தது. பிறர் முதல் டிரம்பெட்டு, இரண்டாம் டிரம்பெட்டு எனக் கருவிக்கென எழுதினர். இவரோ கருவியை ஊதும் மனிதருக்கென எழுதினார். தாள்களில் கலைஞர்களின் பெயர்களையே குறித்தார். ஜானி ஆட்ஜசின் சாக்சபோன் குழைந்து இழையும். ஆரி கார்னியின் பெரிய சாக்சபோன் அடித்தளம்போல் தாங்கும். டிரம்பெட்டின் வாயை ரப்பர் மூடியால் மூடியும் திறந்தும் மனிதக் குரல்போல் உறுமச் செய்வார் பப்பர் மைலி. இவர்தம் குரல்களை ஓவியர் வண்ணங்களைக் குழைப்பதுபோல் எலிங்டன் குழைத்தார். ஒரு கலைஞர் விலகிவிடின், அவருக்கென எழுதிய பகுதி பொருந்தாது போகும், மாற்றி எழுதவேண்டும். இத்தொல்லையை அவர் விரும்பியே ஏற்றார் என்று தோன்றுகிறது.

1930-இல் பதிவான மூட் இண்டிகோ இதற்குச் சான்று. கிளாரினெட்டு மேலேயும் டிராம்போன் கீழேயும் ஒலிப்பது வழக்கம். எலிங்டன் அதனைத் தலைகீழாக்கினார். டிரம்பெட்டும் டிராம்போனும் வாய் அடைக்கப்பெற்று மேலே மெல்ல ஒலிக்க, கிளாரினெட்டு தன் அடிநாதத்தில் அவற்றின்கீழ் ஒலித்தது. அக்காலத்து ஒலிவாங்கியில் எழுந்த ரீங்காரத்தையும் அவர் விலக்காமல் தம் இசையோடு இயைத்துக்கொண்டார். ஒலிப்பதிவு அறையையும் ஒரு வாத்தியமாகக் கண்டவர் அவர்.

அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். நம் நாட்டுப் பாடகரும் நீண்ட ஆலாபனைகளை இக்கட்டுக்குள் சுருக்க நேர்ந்ததன்றோ? எலிங்டன் 1931-இல் கிரியோல் ராப்சொடி என்னும் படைப்பை இரு பக்கங்களில் பதித்தார். 1935-இல் தாயார் மறைந்தார். அத்துயரில் பிறந்த இசை நான்கு பக்கங்கள் நீண்டது. திறனாய்வாளர் சிலர் அதனை ஏசினர். அவர் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. நெடுநேரம் ஓடும் தட்டுகள் தோன்றிய பின்னர், 1950-இல் பழைய பாடல்களையே விரிவாக அமைத்துப் பதித்தார்.

தென்மாநிலங்களில் கறுப்பினத்தார்க்குத் தங்க விடுதியும் உண்ண உணவகமும் கிடைப்பது அரிதாதலின், 1930-களில் குழுவினர் தனி இரயில் பெட்டிகளை அமர்த்தி, அவற்றிலேயே உண்டு உறங்கினர்.

1939-இல் பில்லி ஸ்ட்ரேகார்ன் என்னும் இளைஞர் அவருடன் இணைந்தார். இருவர் எழுத்தையும் பிரித்தறிவது பல இடங்களில் அரிது. 1941 தொடக்கத்தில், உரிமைத்தொகை பற்றிய பூசலால் எலிங்டனின் பாடல்களை வானொலியில் ஒலிபரப்ப இயலாது போயிற்று. அந்நெருக்கடியில் ஸ்ட்ரேகார்ன் எழுதிய டேக் தி ஏ டிரெயின் பிப்ரவரியில் பதிவாகி, குழுவின் அடையாள இசையாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெரிய பல்லியங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எலிங்டன் மட்டும் தம் பாடல்களால் வந்த வருவாயை ஊதியமாகக் கொடுத்துக் குழுவைக் காத்தார். எழுதியதை மறுநாளே காதாரக் கேட்கவேண்டும் என்பதே அவர் வேட்கை. 1956 சூலையில் நியூபோர்ட்டு விழாவில் பால் கொன்சால்வசு சாக்சபோனில் இருபத்தேழு சுற்றுகள் இடைவிடாது வாசிக்க, அவையோர் எழுந்து ஆடினர். அவரோ பதிவுக்குரிய ஒலிவாங்கியை விட்டு வேறொன்றின்முன் நின்று ஊதிவிட்டார்! ஆதலின் தட்டின் சில பகுதிகளைப் பதிவறையில் மீண்டும் வாசித்து இணைத்தனர்.

1963-இல் அமெரிக்க அரசின் சார்பில் கீழை நாடுகளில் இசைப்பயணம் மேற்கொண்டார். தில்லியில் நோயுற்று மருத்துவமனையில் தங்கினார். பின்னர்ச் சென்னை, பம்பாய், கல்கத்தா, கொழும்பு முதலிய நகரங்களில் அவர் குழு இசைத்தது. நவம்பர் 22-இல் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் இடையில் நின்றது. கண்டதும் கேட்டதும் உள்ளத்தில் ஊறி, 1966 டிசம்பரில் ஒலிப்பதிவாயின. அத்தொகுப்பில் தில்லி மைனாவின் சீழ்க்கையைக் கிளாரினெட்டு பாடுகிறது.

1965-இல் அவர்க்குச் சிறப்புப் பரிசு தரவேண்டும் என்று இசை நடுவர்கள் பரிந்துரைத்ததைப் புலிட்சர் குழு ஏற்க மறுத்தது. அப்போது அவர்க்கு அகவை 66. அவ்விருது 1999-இல், அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், அளிக்கப்பட்டது.

எலிங்டன் 1974-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். மகன் மெர்சர் குழுவின் தலைமையை ஏற்றார். 1927 முதல் உடனிருந்த ஆரி கார்னி அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார்.