கைநாட்டுக்குக் கணக்குக் கண்ட காஸி அஸீஸுல் ஹக்

ஜாஸின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் கையெழுத்தைவிடக் கைநாட்டே மிகுதி. நம் சகோதரர்களின் கடைகளிலிருந்த பற்றுவரவு நோட்டுகளும் அப்படித்தான். மை தோய்ந்த கட்டைவிரலை ஓரத்தில் அழுத்திவிட்டு அரிசியைத் தூக்கிப் போவார்கள். எழுதத் தெரியாதவரைக் கைநாட்டு என்று ஏளனம் செய்யும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆனால் 1948-இல் அவசரகாலம் வந்து, 12 வயதுக்கு மேற்பட்டோர் எல்லாரும் அடையாளக் கார்டு எடுக்கவேண்டுமென்று மலாயா சர்க்கார் உத்தரவிட்டபோது, படித்த முதலாளியும் பால்மரம் வெட்டுகிறவரும் ஒன்றுபோலவே கட்டைவிரலைப் பதித்தார்கள். 2001-இல் வந்த மைகார்டின் சில்லுக்குள்ளும் இரு கட்டைவிரல்களின் ரேகைகள் இருக்கின்றன.

ரேகையைப் பதிப்பது எளிது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கடினம். அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்த வங்காளியாகிய கான் பகதூர் காஸி அஸீஸுல் ஹக் ஆவார். அவருடைய சரித்திரத்தை நம் வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

அவர் 1872-இல், இன்று பங்களாதேஷிலுள்ள குல்னா ஜில்லாவில், பைகிராம் கஸ்பா என்ற கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையர் படகு விபத்தில் இறந்துபோயினர். 12 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே ஒரு குடும்பத்தார் அவரை ஆதரித்துப் படிக்க ஏற்பாடு செய்தனர். ராமநாதபுரத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் சிறு பையன்களாகக் கப்பலேறிய நம் முன்னோர்களின் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது, 1892-இல், வங்காளப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் எட்வர்ட் ஹென்றி கணக்கில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் வேண்டுமென்று அக்கலாசாலைத் தலைவருக்கு எழுதினார். தலைவர் காட்டியது அஸீஸுல் ஹக்கை. அவர் போலீஸ் ஸப் இன்ஸ்பெக்டராக உத்தியோகம் ஏற்றார். அக்காலத்தில் குற்றவாளிகளின் தலை, கை, கால் நீளங்களை அளந்து வைப்பதே வழக்கம். பிரான்ஸ் தேசத்துப் பெர்த்திய்யோன் கண்ட முறை அது. ஒரே துணியை இரண்டு கடைப்பையன்கள் அளந்தால் இரண்டு அளவு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆளை அளப்பதிலும் அதே வில்லங்கம் இருந்தது. அதனால் அவர் மனம் ரேகையின் பக்கம் திரும்பிற்று.

ரேகையை அடையாளமாகக் கொள்ளும் யோசனை அவருக்கு முன்னரே இருந்தது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒரு குத்தகைக்காரரின் உள்ளங்கையையே ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். 1892-இல் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி ரேகைகளை வில், கண்ணி, சுழி என மூன்று வகையாகப் பிரித்து நூல் எழுதினார். நம் ஊர்ப் பெண்கள் சங்கு, சக்கரம் என்று விரல் பார்ப்பதும் ஏறக்குறைய இதே பிரிவுதான். (ஜோஸியம் நமக்கு ஆகாது, உருவத்தைச் சொல்லவே அதை எடுத்தோம்.) நூறு விரல்களில் அறுபதுக்கு மேல் கண்ணி, முப்பது முப்பத்தைந்து சுழி, வில் ஐந்தளவே. இனத்துக்கு இனம் இவ்விகிதம் சற்று மாறும். வகை ஒன்றானாலும் கோடுகள் பிரிவதும் முடிவதும் ஆளுக்கு ஆள் வேறு. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒத்திராது. கர்ப்பத்திலேயே அமைந்துவிடும் இக்கோடுகள், வேலையால் தேய்ந்தாலும் மீண்டும் அதே வடிவில் வளரும். திருக்குர்ஆனில் கியாமத் சூராவில் விரல் நுனிகளின் பிரஸ்தாபம் வருவதைச் சிலர் இதனோடு இணைப்பார்கள். அதை ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறோம்.

அஸீஸுல் ஹக் செய்த கணக்கு தராசு பிடிப்பவருக்கு எளிதில் விளங்கும். 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எடைக்கற்கள் இருந்தால் 1 முதல் 31 வரை எந்த நிறையும் நிறுக்கலாம். தட்டிலுள்ள மொத்தத்தைச் சொன்னால் எந்தெந்தக் கல் அதில் இருக்கிறதென்றும் சொல்லிவிடலாம். பத்து விரல்களை அவர் ஐந்து ஜோடியாக்கினார். முதல் ஜோடிக்கு மதிப்பு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. விரலில் சுழி இருந்தால் அம்மதிப்பு உண்டு. கண்ணியோ வில்லோ இருந்தால் ஒன்றுமில்லை. ஜோடியில் ஒரு விரல் மேல் கணக்குக்கு, மற்றது கீழ்க் கணக்குக்கு. இரண்டு மொத்தங்களோடும் ஒன்று கூட்டினால், ஒவ்வொன்றும் 1 முதல் 32-க்குள் ஓர் எண்ணாக வரும். 32-ஐ 32-ஆல் பெருக்க 1,024 அறைகள். நாட்டு மருந்துக் கடை அலமாரியைப் போல எண்ணைப் பார்த்து அறையைத் திறக்கவேண்டியதுதான். ஆயிரக்கணக்கான தாள்களைப் புரட்டும் வேலை ஒரே அறையளவாகச் சுருங்கிற்று. இன்று அவ்வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

1897-இல் கவர்னர் ஜெனரல் சபை இம்முறையை ஏற்றது. உலகின் முதல் ரேகை நிலையம் கல்கத்தாவில் அமைந்தது. அடுத்த ஆண்டே, ஜல்பைகுரி ஜில்லாவின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த மானேஜர் கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. பஞ்சாங்கத்தில் படிந்திருந்த இரத்தக் கறை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்றிருந்த காங்காலி சரணின் கட்டைவிரலோடு பொருந்தியது. கோர்ட் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. கொலையைக் கண்ட சாட்சி இல்லையென்று அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த எச்சரிக்கையை நாம் குறை சொல்லமாட்டோம்.

1900-இல் ஹென்றியின் பெயரால் நூல் வெளிவந்தது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை மேற்கொண்டது. 1903-இல் ஹென்றி லண்டன் போலீஸ் கமிஷனரானார். முறைக்கு ஹென்றி முறை என்றே பெயர் வழங்கிற்று. கடைப் பலகையில் முதலாளி பெயரும் பேரேட்டில் கணக்கப்பிள்ளையின் உழைப்பும் இருப்பது நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நியாயமாகப் பேசவேண்டும். இவரைத் தேடி எடுத்து வேலை கொடுத்தவர் ஹென்றியே. 1926-இல் இந்தியா ஆபீஸுக்கு எழுதுகையில், ரேகைகளை வகைப்படுத்திய வேலையில் தம் சிப்பந்திகளில் மற்றெவரையும்விட அஸீஸுல் ஹக்கின் பங்கே பெரிதென்று அவர் ஒப்புக்கொண்டார். நூல் வந்து 26 ஆண்டுகள் கழித்து! நம்மவர் என்பதற்காக எல்லாவற்றையும் அஸீஸுல் ஹக்குக்கே எழுதிவிடுவதும் சரியல்ல. உட்பிரிவுகளையும், ரேகையைத் தந்தியில் அனுப்பும் குறியீட்டையும் அமைத்த ஹேம் சந்திர போஸ் அவருடன் உழைத்தவர்.

1912-இல் பீகார் தனி மாகாணமானபோது அஸீஸுல் ஹக் அங்கே சென்றார். 1913-இல் கான் ஸாஹிப், 1924-இல் கான் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. 5,000 ரூபாய் வெகுமதியும், மோதிஹாரியில் நிலமும் சர்க்கார் அளித்தது. ஓய்வுக்குப்பின் அங்கேயே வாழ்ந்து 1935-இல் வபாத்தானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலத்தில் பிரிட்டனிலுள்ள ரேகை நிபுணர் சங்கத்தார், அவர் பெயரையும் போஸ் பெயரையும் சேர்த்து ஆராய்ச்சிப் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை விசாலமாக்கி ஒளி நிரப்புவானாக. ஆமீன்.