குழாய்க்குள் குரலைப் பிடித்தவர்

ஒரு பாட்டைக் கேட்டதும் பாடினவங்க பேரைச் சொல்லிடுவோம். இசையமைப்பாளர் பேரும் தெரியும். ஆனா அதைப் பதிவு செஞ்சவர் பேரு யாருக்காவது தெரியுமா? அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் பிரெட் கெய்ஸ்பெர்க்.

1873 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே பியானோ நன்றாக வாசிப்பார். அதனால் பாட்டுப் பதிவு செய்யும் கம்பெனியில் பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. ஒலிப்பதிவுக்கென்று அப்போது காலேஜ் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் சேர்ந்தார். 1898-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனிக்கு ஒலிப்பதிவாளராகப் போனார்.

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. பெரிய புனல் மாதிரி ஒரு குழாய் இருக்கும். அதன் அகலமான வாய்க்கு நேரா நின்று பாடணும். குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு சேர்ந்த ஊசி, சுற்றுகிற மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒலி என்பது அதிர்வு என்று அறிவியல்ல படிச்சோமே, அதே விஷயம்தான். ரொம்பச் சத்தமாகப் பாடினால் பதிவு கெட்டுப் போகும், மெதுவாகப் பாடினால் ஒண்ணும் பதியாது. அதனால் மேல் ஸ்தாயியில் பாடகர் பின்னால் தள்ளி நிற்கணும், கீழே வரும்போது கிட்ட வரணும். தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது, முதலிலிருந்து பாடணும். இப்போது பட்டனைத் திருப்பிச் செய்கிற வேலையை இவர் ஆளை நகர்த்தியே செய்தார்!

1902-ல் இத்தாலியின் மிலான் நகரில் கரூசோ என்ற பாடகரைக் கேட்டார். அவருக்கும் இவரைப் போலவே 29 வயசுதான். பத்துப் பாட்டுக்கு 100 பவுண்டு கேட்டார் கரூசோ. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இது ரொம்ப அதிகம், பதிவு செய்யாதே என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாம். கெய்ஸ்பெர்க் கேட்கவில்லை. ஓட்டல் அறையிலேயே குழாயை மாட்டி, ஒரே நாளில் பத்துப் பாட்டையும் பதிந்துவிட்டார். மெழுகு கெட்டிருந்தால் வேலையே போயிருக்கும் என்று எனக்குத் தோணுது. ஆனால் தட்டுகள் நன்றாக விற்றன, கரூசோ உலகப் புகழ் பெற்றார்.

அதே வருடம் கல்கத்தாவுக்கு வந்தார். பெரிய வித்வான்கள் பலர் இயந்திரத்தின் முன்னால் பாடத் தயங்கினார்கள். துணிந்து வந்தவர் கௌஹர் ஜான் என்ற பெண். அப்போது கச்சேரியில் பாடும் பெண்களைச் சமூகம் மதிக்காது, ஆனா பாட்டு மட்டும் எல்லாருக்கும் வேணும்! மணிக்கணக்கில் விரிவாகப் பாடுகிற ராகத்தை அவர் சுமார் மூன்றே நிமிஷத்தில் சுருக்கிப் பாடினார். முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடினது யார் என்று தெரியணுமே, அதற்காகத்தான். கம்ப்யூட்டர் டீச்சர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாங்க. ஒரே கரகரப்பு. ஆனா கடைசியில் பெயரைச் சொல்லும் குரல் அவ்வளவு கம்பீரம்! கூச்சமே இல்லை.

அடுத்து ஜப்பான், சீனா என்று போய் அங்குள்ள பாட்டுகளையும் பதிந்தார். 1925-க்குப் பிறகு மைக் வந்ததும் குழாய்க்கு வேலை போயிற்று, இவருக்குப் போகவில்லை. 1932-ல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 75 வயசு எல்கர் இசைக்குழுவை நடத்த, 16 வயசு மெனுஹின் வயலின் வாசித்த பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் இவர்தான். 1939-ல் ஓய்வு பெற்று, தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1951 செப்டம்பர் 2-ல் லண்டனில் காலமானார்.